கயிறு குட்டையான வருஷம்

ஜூன் 9

என் பேத்தி மண்ணாங்கட்டிக்கு,

அன்றைக்கு அங்கே இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன், நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. உன் தாத்தா, கையில் கிணற்றுக் கயிற்றோடு. உன் அம்மா, இரட்டைப் பின்னல், வாயில் பென்சில். எதிர்வீட்டுத் தையல்காரர், கழுத்திலிருந்த அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல். தபால்காரர், எங்கள் தெருவுக்கு ஒரு கடிதமும் இல்லாத நாளில் அவர் எதற்கு வந்தார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. நிலத்தைத் துளைத்துப் போர் போடுகிற லாரிக்காரன், அவனோடு இரண்டு ஆட்கள். பக்கத்து வீட்டுக்காரியின் புருஷன். நல்ல மனுஷன், போய்ச் சேர்ந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரி. நான்.

எங்கள் கிணறு எப்படி வற்றியது என்று உன் வகுப்புப் பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். எப்படி வற்றும்? வற்ற வைத்தார்கள். அவள் வீட்டு முற்றத்தில், நம் மதில் சுவரை ஒட்டி, அந்த லாரி வந்து நின்றது. காது கிழிகிற சத்தம். முதலில் மஞ்சள் மணலாகக் கக்கியது. அப்புறம் சாம்பல் நிறத்தில் களிமண், பிசின் மாதிரி. எட்டிப் பார்க்கப் போன என் செருப்பை அது பிடித்துக்கொண்டு விடவே இல்லை, வார் அறுந்தது. அதற்கும் கீழே கூழாங்கல்லும் தண்ணீரும் பீறிட்டு வந்தன. எல்லாரும் கைதட்டினார்கள். லாரிக்காரன் என்னைப் பார்த்து, "அம்மா, இனி உங்க கிணறு அவ்வளவுதான். அடியில எல்லாம் ஒரே தண்ணிதான். நீங்களும் ஒண்ணு போட்டுடுங்க" என்றான். அந்தக் கோடையிலேயே என் வாளி சேற்றில் போய் முட்டியது.

அன்றைக்கு விட்ட பேச்சுதான். அவள் உனக்குச் சின்னப் பாட்டி. எனக்கு என்ன முறை என்று உனக்குத் தெரியும், என் கையால் எழுத மாட்டேன்.

போனில் சொன்னால் என்ன என்று கேட்காதே. போனில் நீ "உம்" போடுவாய், நாளைக்கு "நீங்க சொல்லவே இல்லையே பாட்டி" என்பாய். எழுதிக் கொடுத்தால் மறுக்க முடியாது. நான்கு வகுப்பு படித்ததற்கு அந்த லாபமாவது இருக்கட்டும்.

முழங்கால் மாடிப்படியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. மற்றபடி குறைவில்லை. சின்ன வயதில் மண்ணைத் தின்றாய், இப்போது மண்ணைப் பாடம் எடுக்கிறாய். நடுவில் சோறும் சாப்பிடு.

பாட்டி

•

ஜூன் 24

அன்புள்ள பாட்டிக்கு,

முழங்காலை வற்புறுத்தாதீர்கள், மாடி எங்கும் ஓடிப்போகாது. நான் நன்றாக இருக்கிறேன், சோறும் சாப்பிடுகிறேன். தொண்டைதான் கட்டிக்கொண்டிருக்கிறது. காரணம் உங்கள் கடிதம்.

அதை வகுப்பில் அப்படியே படித்தேன். செருப்பு அறுந்த இடத்தில் கைதட்டல். பிறகு எங்கள் வகுப்பில் "சந்தேகம்" என்று ஒரு பெண் இருக்கிறாள். நான் வைத்த பெயர் இல்லை, அவள் வீட்டிலேயே அப்படித்தான் கூப்பிடுகிறார்களாம். அவள் எழுந்தாள்.

"டீச்சர், தண்ணி அந்தப் பக்கம் போனதை உங்க பாட்டி பார்த்தாங்களா?"

"பூமிக்கு அடியில எப்படிப் பார்க்க முடியும்?"

"அப்போ நாம செஞ்சு பார்க்கலாம்."

அலுவலக அறையில் மீன்கள் செத்துப்போன கண்ணாடித் தொட்டி ஒன்று தூசியோடு இருந்தது. தலைமையாசிரியரிடம் கெஞ்சி வாங்கினோம். நீங்கள் எழுதிய வரிசைப்படியே, அடியில் கூழாங்கல், அதன்மேல் களிமண், மேலே மஞ்சள் மணல். வற்றிப்போன மார்க்கர் பேனாக்களின் உடம்பை எடுத்து, சூடான ஊசியால் ஓட்டை போட்டு, கிணறுகள் செய்தோம். உங்கள் கிணறு மணல் வரைக்கும். சின்னப் பாட்டியின் போர், களிமண்ணைத் துளைத்துக் கூழாங்கல் வரைக்கும். அதற்குக் கைகழுவும் சோப்பு பாட்டிலின் அமுக்கு மூடிதான் பம்பு. முதல் தடவை கண்ணாடி ஓரமாகக் கசிந்து எல்லாம் கலங்கிவிட்டது. களிமண்ணைப் பிசைந்து ஓரத்தில் அப்புவதற்குப் பத்துப் பேர் கை போட்டதில் என் புடவை, பலகை, தலைமையாசிரியரின் நாற்காலி எல்லாம் சாம்பல் நிறம்.

இரண்டாம் தடவை கசியவில்லை. மாறி மாறி அமுக்கினார்கள். போரிலிருந்து தண்ணீர் வந்தது. உங்கள் கிணற்றில்...

பாட்டி, கோபப்படக் கூடாது. உங்கள் கிணற்றில் தண்ணீர் இறங்கவே இல்லை. களிமண் நடுவில் மூடி மாதிரி நிற்கிறது.

உங்கள்
மண்ணாங்கட்டி

•

ஜூலை 3

மண்ணாங்கட்டிக்கு,

நலம். உன் மீன்தொட்டி பொய் சொல்கிறது.

மீனையே காப்பாற்றாத தொட்டி, என் நியாயத்தையா காப்பாற்றப் போகிறது? மறுபடி செய். இந்தத் தடவை ஓங்கி அமுக்கச் சொல். அவள் வீட்டு பம்பு சோப்பு பாட்டில் இல்லை. ஓடினால் என் வீட்டு டம்ளர் ஆடும்.

இத்தனை வருஷமாக ஜன்னலைத் திறந்தால் நான் பார்ப்பது என்ன தெரியுமா? என் கிணற்றுக் கயிறு. கிணறு வற்றியதும் உன் தாத்தா அதைத் தூக்கி அவளிடமே கொடுத்துவிட்டார். வெட்டக்கூட இல்லை, முற்றத்தில் மூன்று சுற்றுக் கட்டி அதில் துணி காயப்போடுகிறாள். அப்போதுதான் புதிதாக வந்த நைலான் கயிறு, பச்சை நிறம், இன்றைக்கும் நிறம் போகவில்லை. அதில் அவளுடைய பூப்போட்ட தலையணை உறை ஆடும்போது எனக்கென்றே ஆடுகிற மாதிரி இருக்கும்.

போன வாரம் யாரோ ஒருவர் நாடாவோடு வந்து அவள் வீட்டைச் சுற்றி அளந்தார். அட்டைப் பெட்டிகள் வந்து இறங்கின. எனக்கென்ன. இருமல் வேறு, சுவரைத் தாண்டிக் கேட்கிறது. ராத்திரி ஜன்னலை மூடிக்கொண்டு படுக்கத் தெரியாது அவளுக்கு, சின்ன வயதிலிருந்தே. எனக்கென்ன.

தொண்டைக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி.

பாட்டி

•

ஜூலை 15

அன்புள்ள பாட்டிக்கு,

கொப்பளித்தேன், தொண்டை திறந்துவிட்டது. ஓங்கியும் அமுக்கினார்கள். பம்பு உடைந்தது, உங்கள் கிணறு அசையவில்லை.

அம்மா ஒன்று சொன்னாள். சின்னப் பாட்டி வீட்டை விற்கிறார்களாம். செப்டம்பர் கடைசியில் மகனோடு போய்விடுகிறார்களாம். கடல் தாண்டிய ஊர், போனால் திரும்பி வருவது கஷ்டம். அட்டைப் பெட்டிகள் அதற்குத்தான். உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தேதான் "எனக்கென்ன" என்று இரண்டு தடவை எழுதினீர்களா?

நான் உபதேசம் செய்யவில்லை. பிள்ளைகள் ஒரு உதவி கேட்கிறார்கள்.

இந்த மாதம் மண் அடுக்குகள் நடத்துகிறோம். கண்ணாடி ஜாடியில் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு நாளும் ஒரு நிற மணலைத் தூவினால் அது அடுக்கடுக்காகப் படியும். அடியில் இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. பூமியும் தன் கதையை அப்படித்தான் வைத்திருக்கிறது. வெறும் மணலாகச் செய்தால் என்ன சுவாரஸ்யம்? "டீச்சர், உங்க பாட்டிக்கு எல்லாம் ஞாபகம் இருக்குமே, அவங்க கோபங்களை அடுக்கலாமா?" என்று சந்தேகம் கேட்டாள். வகுப்பே எழுந்து நின்று ஆமாம் போட்டது.

எழுதுவீர்களா? எது முதலில், எது பிறகு என்பதுதான் முக்கியம். கூடவே, கிணறு என்றைக்கிலிருந்து குறைய ஆரம்பித்தது என்றும் கேட்கிறார்கள்.

உங்கள்
மண்ணாங்கட்டி

•

ஜூலை 28

மண்ணாங்கட்டிக்கும் அவளுடைய படைக்கும்,

எல்லாருக்கும் உடம்பு சௌக்கியமா? மழை பிடித்துக்கொண்டது, மூக்கைச் சிந்திவிட்டு உட்கார்ந்து கேளுங்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக என்னிடம் இதை மரியாதையாகக் கேட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் நான் ஆரம்பித்தாலே செருப்பைத் தேடுவார்கள்.

அடியிலே போடுங்கள் போட்டோக்காரரை. என் கல்யாணத்தன்று ஒரே ஒரு படம் எடுத்தார். அதில் எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள், நான் மட்டும் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறேன். "இன்னொண்ணு எடுங்க" என்றேன், "நல்லாத்தான்மா இருக்கு" என்றார். பார்க்கிறவர்களெல்லாம் நான் தூங்கும்போது கல்யாணம் நடந்ததா என்று கேட்கிறார்கள்.

அதற்கு மேலே தையல்காரர். உன் அம்மாவைப் பள்ளியில் சேர்த்த வருஷம். சட்டையில் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. "பிள்ளை வளர்ந்தா சரியாயிடும்" என்றார். ஒரு கையா வளரும்?

அதற்கு மேலே மேட்டு மைதானம். எங்கள் தெருக் கோடியில் மேட்டில் ஒரு பெரிய மண் மைதானம் இருந்தது. மழை பெய்தால் குளம் மாதிரி நிற்கும், ஒரு வாரத்தில் மண்ணே குடித்துவிடும். சந்தை லாரிகள் நிறுத்த வேண்டும் என்று முழுக்கச் சிமெண்ட் போட்டார்கள். திறப்பு விழாவுக்கு நாற்காலி கொடுத்தது யார்? நான். மேடையில் நன்றி சொன்னார்கள். பந்தல் போட்டவனுக்குச் சொன்னார்கள், மைக்செட்டுக்காரனுக்குச் சொன்னார்கள். நாற்காலிக்கு ஒரு வார்த்தை இல்லை. ஒரு நாற்காலி கால் உடைந்து திரும்பி வந்தது. அந்த வருஷம்தான் உன் அம்மாவுக்கு முன்பல் விழுந்தது, அதனால் வருஷம் தவறாது.

அதற்கு அடுத்த கோடை, கயிற்றுக் கடைக்காரர். பழைய கயிறு இற்றுப்போய்விட்டது, "அதே அளவுல கொடுங்க" என்று பழைய கயிற்றைக் கையோடு கொண்டுபோய்க் காட்டினேன். பச்சை நைலான் கயிறு கொடுத்தார். வீட்டுக்கு வந்து வாளியை இறக்கினால் தண்ணீர் எட்டவில்லை! அந்தரத்தில் ஊஞ்சலாடுகிறது. குட்டையாக வெட்டி ஏமாற்றிவிட்டார். அவர் கடை வாசலில் நின்று நான் பேசிய பேச்சில் எதிர்க்கடைக்காரர் ஷட்டரை இறக்கினார். மேலே ஒரு துண்டு முடிச்சுப் போட்டுத்தான் இறைத்தேன். உன் தாத்தாவே, "ஆமா, குட்டைதான்" என்றார்.

அதற்கு மேலே, உன் அம்மா பெரிய பள்ளிக்கூடம் போன வருஷம், போர். அது தெரிந்த கதை.

இன்னும் இருக்கிறது. ஜாடி பெரிதா?

வீடு விற்பது பற்றிக் கேட்டிருந்தாய். அவள் வீடு, அவள் விற்கிறாள்.

பாட்டி

•

ஆகஸ்ட் 10

அன்புள்ள பாட்டிக்கு,

நலமாக இருக்கிறீர்களா? கடிதத்தைப் பக்கத்து வகுப்பும் வந்து கேட்டது. தலைமையாசிரியர் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டதைப் பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். தொட்டியை நிரந்தரமாக எங்களுக்கே கொடுத்துவிட்டார். "அந்தப் போட்டோவைக் கொஞ்சம் பார்க்க முடியுமா?" என்று மட்டும் கேட்டார்.

ஜாடி தயார். அடியில் போட்டோக்காரருக்குக் கறுப்பு. தையல்காரருக்கு மஞ்சள். மைதானத்துக்குச் சுண்ணாம்பு வெள்ளை. கயிற்றுக்குச் செம்மண். போருக்குச் செங்கல்லை நசுக்கி எடுத்த தூள். ஜன்னலில் வெயில் படும்படி வைத்திருக்கிறோம். பாட்டி, உங்கள் கோபம் அவ்வளவு அழகாக இருக்கிறது.

சந்தேகம் கன்னத்தில் கை வைத்து அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டு மணி அடித்தும் எழவில்லை.

"டீச்சர், கயிறு கீழ இருக்கு. போர் மேல இருக்கு."

"ஆமாம்."

"அப்போ போர் போடறதுக்கு முன்னாடியே கயிறு எட்டலை."

"கடைக்காரர் குட்டையா வெட்டிட்டார்னு பாட்டி சொல்றாங்களே."

"பாட்டி பழைய கயித்தைக் கையோட கொண்டுபோய் அளவு காட்டியிருக்காங்க. கடைக்காரர் சரியாத்தான் கொடுத்திருப்பார். கயிறு குட்டை ஆகலை டீச்சர். தண்ணிதான் கீழ போயிடுச்சு."

நான் ஜாடியை என் பக்கம் திருப்பினேன். அவள் விடவில்லை. கயிற்றுக்குக் கீழே என்ன அடுக்கு? வெள்ளை. மைதானம். அன்று மதியமே தொட்டியைச் சாய்த்து வைத்தார்கள். மேட்டுப் பக்கம் பூவாளியால் மழை பெய்ய வைத்தபோது உங்கள் கிணறு ஊறி நின்றது. அதே மேட்டில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு மறுபடி மழை. தண்ணீரெல்லாம் விரிப்பின் மேல் வழிந்து, மேசையில் ஓடி, என் மடியில் விழுந்தது. உங்கள் கிணறு மெல்ல மெல்ல இறங்கியது.

உங்கள் கிணற்றுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தது அந்த மைதானம்தான், பாட்டி. அதை மூடிவிட்டார்கள். சின்னப் பாட்டி உங்கள் தண்ணீரில் ஒரு சொட்டும் எடுக்கவில்லை. இதைச் சொன்னது நானோ மீன்தொட்டியோ இல்லை, உங்கள் ஞாபகம்.

பதில் போடுங்கள்.

உங்கள்
மண்ணாங்கட்டி

•

ஆகஸ்ட் 31

அன்புள்ள பாட்டிக்கு,

மூன்று வாரமாகத் தபால்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லையே? அம்மா போன் செய்தால், "நல்லாத்தான் இருக்காங்க, ஆனா பாத்திரத்தை டமார்னு வைக்கிறாங்க" என்று கீழ்வீட்டுப் பெண் சொல்கிறாளாம்.

கோபமென்றால் அதையாவது எழுதுங்கள். ஜாடியில் இடம் இருக்கிறது, எனக்கும் ஒரு நிறம் கொடுத்துவிடலாம். ஆனால் செப்டம்பர் பிறக்கப் போகிறது, பாட்டி.

மண்ணாங்கட்டி

•

செப்டம்பர் 4

கடிதம் வந்தது. உடம்பு நன்றாக இருக்கிறது. ஒரே கடிதத்தில் ஒருத்தியிடமிருந்து இரண்டு எதிரிகளைப் பிடுங்கிக்கொண்டு, எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறாய். யோசித்துக்கொண்டிருக்கிறேன். தொந்தரவு செய்யாதே.

பாட்டி

•

செப்டம்பர் 9

பாட்டி அவர்களுக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். டீச்சருக்குத் தெரியாமல் எழுதுகிறோம். தபால் தலை தலைமையாசிரியர் கொடுத்தார்.

நாங்கள் சொன்னது தப்பாகவும் இருக்கலாம். தொட்டி வேறு, தெரு வேறு என்று டீச்சரே சொல்லுவாங்க. அதனால் சரிபார்க்க வேண்டும். அந்தப் பச்சைக் கயிறு இன்னும் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கிணறு நிறைந்திருந்த காலத்துத் தண்ணீர்க் கறை கிணற்றுச் சுவரில் இருக்கும். கயிற்றை இறக்கினால் கறை வரைக்கும் எட்டுகிறதா? எட்டினால் கயிறு சரி. எட்டாவிட்டால் கடைக்காரர் திருடர், நாங்கள் தோற்றோம்.

கயிறு உங்கள் பக்கத்து வீட்டில் இருக்கிறது. எங்களால் வர முடியாது, பரீட்சை இருக்கிறது. நீங்கள்தான் போய்க் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
சந்தேகம் மற்றும் வகுப்பில் எல்லாரும்

•

செப்டம்பர் 20

கண்ணு மண்ணாங்கட்டி,

சின்னப் பாட்டி எழுதுகிறேன். உனக்கு நான் எழுதுவது இதுதான் முதல் தடவை, எழுத்து கொஞ்சம் கோணுகிறது. உடம்பினால் இல்லை, சிரித்துச் சிரித்து. நீ எப்படி இருக்கிறாய் கண்ணு?

செவ்வாய்க்கிழமை காலையில் கதவைத் தட்டுகிற சத்தம். பாத்திரம் கட்டுகிற ஆள் வந்துவிட்டானாக்கும் என்று திறந்தேன். உன் பாட்டி நிற்கிறாள். இடுப்பில் கை. என்னைப் பார்க்கவில்லை, என் தலைக்கு மேலே சுவரைப் பார்க்கிறாள்.

"கயிறு இருக்கா?"

இத்தனை வருஷத்துக்கு அப்புறம் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. கொடியைக் காட்டினேன்.

"துணி காயுது அக்கா."

"துணியை எடு. கயிறு வேணும். பிள்ளைங்க கேக்குறாங்க."

"எந்தப் பிள்ளைங்க?"

"அதெல்லாம் உனக்கெதுக்கு? எடு."

ஈரத் தலையணை உறைகளை அவள் தோளிலேயே போட்டேன். அப்படியே முடிச்சில் கை வைத்தாள். முடிச்சு இறுகிப்போயிருந்தது, இரண்டு பேரும் பல்லால்கூடக் கடித்துப் பார்த்தோம். என்னிடம் நாலு பல், அவளிடம் கட்டின பல். கடைசியில் அவிழ்ந்தது. மேலே முடிந்திருந்த ஒட்டுத் துண்டையும் கழற்றிவிட்டு, அவள் வீட்டுக் கிணற்று உருளையில் மாட்டி, நுனியில் ஒரு செங்கல்லைக் கட்டி இறக்கினோம். நான் டார்ச் அடித்தேன். சுவரைச் சுற்றிப் பழைய கறை வளையல் மாதிரி தெரிந்தது. செங்கல் இறங்கி இறங்கி, கறையைத் தாண்டி, அதற்குக் கீழேயும் போனது.

உன் பாட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம், "கடைக்காரர் சரியாத்தான் வெட்டியிருக்காரு" என்றாள் கிணற்றைப் பார்த்து. பிறகு என்னைப் பார்த்து, "இருமலுக்கு மருந்து வாங்கினியா இல்லையா, எருமை" என்றாள்.

இரண்டு பேரும் அழுதோம் என்று எழுதினால் அவள் மறுப்பாள். அதனால் மூக்கைச் சிந்தினோம் என்று எழுதுகிறேன்.

அடுத்த நாள் வீட்டை வாங்குகிறவர் முன்பணத்தோடு வந்தார். உன் பாட்டி முந்திக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். கால் உடைந்து ஒட்டுப்போட்ட அந்த நாற்காலிதான்.

"வாங்க. வீடு நல்ல வீடு. ஆனா பக்கத்து வீட்டுல ஒரு கிழவி இருக்கா, தெரியுமா? பயங்கர சண்டைக்காரி. கூடப் பிறந்தவகிட்டயே இத்தனை வருஷம் பேசாதவ. சொந்தக்காரிக்கே அந்தக் கதின்னா உங்களை நினைச்சுப் பாருங்க."

"அப்படியா? எந்த வீடும்மா?"

"நான்தான் அது."

அவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். மகனிடம் நான் போனில் சொன்னபோது, "சரிம்மா, பெட்டியைப் பிரிச்சுடு" என்று அவனும் சிரித்தான். கொடியில்லாததால் துணியெல்லாம் நாற்காலி முதுகில் காய்கிறது. கயிற்றை உன் பாட்டி திருப்பித் தரவில்லை.

சின்னப் பாட்டி

•

அக்டோபர் 17

மண்ணாங்கட்டிக்கு,

நலம். முழங்காலும் நலம், ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பக்கத்து வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் நடந்தால் அதுவும் வேறு வழியில்லாமல் வேலை செய்கிறது. பரீட்சை முடிந்து இங்கே வந்துவிட்டு பஸ்ஸில் திரும்பிப் போன பிள்ளைகள் எல்லாரும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார்களா? யாருக்கும் வயிற்றுக் கோளாறு இல்லையே? அந்தச் சந்தேகம் என் போட்டோவைத் தன் தலைமையாசிரியருக்குக் காட்டவேண்டும் என்று கேட்டுவாங்கிக்கொண்டு போனாள். திரும்பி வர வேண்டும், சொல்லிவை.

நீங்கள் போன பிறகு நடந்ததை எழுதுகிறேன். இரண்டு வீட்டுக் கூரைத் தண்ணீரும் குழாய் வழியாக வந்து, கிணற்றோரக் குழியில் பிள்ளைகள் வாளி வாளியாகக் கொட்டிய கூழாங்கல்லிலும் மணலிலும் இறங்கி, என் கிணற்றுக்குள் போகும் என்று சொன்னீர்கள். போகுமா போகாதா என்று குழாய்க்காரருக்கே நம்பிக்கையில்லை. முந்தாநாள் மழை பிடித்தது. நேற்றுக் காலையில் வெறித்தது.

அங்கே இருந்தவர்கள்: தையல்காரர், குடையோடு, கண் தெரியவில்லை, ஆனாலும் வந்தார். குழாய்க்காரர். கயிற்றுக் கடைக்காரரின் மகன். நான்தான் ஆள் அனுப்பிக் கூப்பிட்டேன். அவனுடைய அப்பா இல்லை, அதனால் அவனிடம், "உங்கப்பா சரியா அளந்தவரு" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அவனுக்கு என்ன ஏது என்றே புரியவில்லை, "சரிங்கம்மா" என்றான். கீழ்வீட்டுப் பெண். என் தங்கச்சி. நான்.

பச்சைக் கயிற்றின் மேலே ஒட்டுத் துண்டை மறுபடி முடிந்து, வாளியைக் கட்டி நான்தான் இறக்கினேன். எல்லாரும் கிணற்று விளிம்பில் குனிந்தார்கள். இறங்கிக்கொண்டே இருந்தது. பிறகு கீழேயிருந்து ஒரு சத்தம். சேற்றில் முட்டுகிற சத்தம் எனக்குத் தெரியும், அது இல்லை. தண்ணீர் வாளியை வாங்கிக்கொள்கிற சத்தம். கை தன்னால் கனத்தது. இழுத்தோம், நானும் அவளும். கால் வாளிதான். கலங்கல்தான். தையல்காரர் குடையைத் தூக்கிப் போட்டுக் கைதட்டினார், குடை கிணற்றுக்குள் போய்விட்டது. அவர் அப்படித்தான்.

இதில் சந்தோஷமாக முடித்திருக்கலாம். வாளியைக் கீழே வைக்கும்போது என் தங்கச்சி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"அத்தான் இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு அக்கா. பாவம், அவரு அன்னைக்கே அளந்து பார்த்தாரே."

"என்னத்தை அளந்தாரு?"

"இந்தக் கயித்தைத்தான். பழைய கயித்தோட சேர்த்து வச்சு, எங்க முற்றத்துல. ரெண்டும் சரியா இருந்துச்சு. 'தண்ணி இறங்குது, உங்கக்கா கயித்தைத் திட்டுறா'ன்னு சிரிச்சாரு."

"என்கிட்ட குட்டைதான்னு சொன்னாரேடி!"

"உன்கிட்ட வேற என்ன சொல்ல முடியும்? போர் போட்ட அன்னைக்குக்கூடச் சொல்லத்தான் கயித்தோட வந்து நின்னாரு. லாரிக்காரன் பேசினான், நீ திரும்பி ஒரு பார்வை பார்த்தே. அவரு வாயை மூடிக்கிட்டாரு."

"நீயாவது சொல்லியிருக்கலாமே?"

"நீ பேசினாத்தானே அக்கா?"

நினைத்துப் பார்த்தேன். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது, அதுவும் இருக்கிறது. கையில் கயிறு, வாய் கொஞ்சம் திறந்து. அப்புறம் மூடி. என்னோடு வாழ்ந்த காலமெல்லாம் நான் எதைச் சொன்னாலும் ஆமாம் என்றார். கறி உப்பு என்றால் ஆமாம். வெயில் குளிர்கிறது என்றாலும் ஆமாம். உலகத்திலேயே நல்ல புருஷன் என்று தெருவே சொன்னது, நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரே ஒரு தடவை, "இல்லைடி" என்று சொல்லியிருந்தால் போதும்.

அடுத்த மாதம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா. மழை நின்றால் கிணறு எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க வேண்டும், சந்தேகம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். வரும்போது அந்த ஜாடியையும் கொண்டு வரச் சொல். கயிற்றுக் கடைக்காரரை விட்டாயிற்று. தங்கச்சியை விட்டாயிற்று. லாரிக்காரன் வியாபாரத்துக்குச் சொன்னான், போகட்டும். தையல்காரரைக்கூட, குடை போனதால், விட்டுவிடலாம். மேலே ஒரு அடுக்குக்கு மட்டும் இடம் வேண்டும், பச்சை நிறத்தில், பளிச்சென்று, வெளியிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி. மேலே போய்ப் பார்க்கும்போது நேரில் கேட்டுக்கொள்கிறேன், அதுவரைக்கும் மன்னிப்பதாக இல்லை, உன் தாத்தாவை.

பாட்டி